பேரப்பிள்ளைகளைப் புனிதராக்கிய பாட்டி
புனித மூத்த மக்ரினாவின் வாழ்க்கைச் சுருக்கம்

விழா மலர் ஒன்றில் இடம்பெறுவோர் யார் யார் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர்கள், கோபுரம் எழுப்பியவர்கள், மணி வாங்கித் தந்தவர்கள், வெயிலிலும் மழையிலும் நம் முன்னோரைத் தேடி வந்து மறைப்பணி ஆற்றிய குருக்கள், ஊர் ஊராய் நடந்து மந்திரம் சொல்லிக் கொடுத்த உபதேசியார்கள், அருட்கன்னியர்கள் ஆகிய எல்லாரையும் நன்றியோடு நினைவுகூர்வது நமது கடமை. ஆயினும் எந்தக் கல்வெட்டிலும் பெயர் பொறிக்கப்படாத ஒரு கூட்டம் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. அவர்கள்தாம் நம் பாட்டிமார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பேரப்பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து, பிஞ்சு விரல்களைப் பிடித்து நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம் வரையப் பழக்கி, பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் சொல் சொல்லாய் ஊட்டியவர்கள் அவர்கள். நம்மில் பலர் கோவில் வாசற்படியை மிதிப்பதற்கு முன்பே கோவிலை அறிந்துகொண்டது அவர்கள் மடியில்தான்.

திருச்சபையின் தொடக்க நாளிலிருந்தே இது இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் புனித சின்னப்பர், அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் பிறகு தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததென நினைவுபடுத்துகிறார். அந்தப் பாட்டியைப் பற்றி வேதாகமம் கூறுவது அவ்வளவே. ஆனால் ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்த மற்றொரு பாட்டியைப் பற்றி நாம் இன்னும் சற்று விரிவாக அறிய முடிகிறது. அவர் பேரப்பிள்ளைகளே ஆயர்களாகி, மறைவல்லுநர்களாகி, தங்கள் பாட்டியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்தாம் புனித மூத்த மக்ரினா. இந்த விழா மலரில் அந்தப் புனிதையின் வாழ்வை நம் பங்கு மக்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

போந்து நாடும் அதன் பெரிய ஆயரும்

கருங்கடலின் தென்கரையில் போந்து என்னும் நாடு இருந்தது. இன்று அது துருக்கி நாட்டின் ஒரு பகுதி. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களுள் போந்து நாட்டாரும் இருந்ததைத் திருத்தூதர் பணி நூல் சொல்கிறது. புனித இராயப்பரும் தம் முதல் திருமுகத்தைப் போந்து முதலிய நாடுகளில் சிதறி வாழ்ந்த விசுவாசிகளுக்கே எழுதினார். மலைகளும் அடர்ந்த காடுகளும் நிறைந்த நாடு அது. கடற்காற்று கொண்டுவரும் மழையும், குளிர்காலத்தில் மலையை மூடும் பனியும் அதன் இயல்பு. அந்நாட்டின் நகரங்களுள் ஒன்று நியோசெசரியா. இக்காலத்தில் அதற்கு நிக்சார் என்று பெயர். அந்நகரைச் சேர்ந்த பெண்மணியே நம் மக்ரினா.

மக்ரினாவை அறிய வேண்டுமானால் அந்நகரின் பேராயன் ஒருவரை முதலில் அறிய வேண்டும். அவர்தாம் அதிசயங்கள் புரிபவர் என்று பெயர்பெற்ற புனித கிரகோரியார். நியோசெசரியாவில் வசதியான புறமதக் குடும்பத்தில் பிறந்த அவர், பாலஸ்தீன நாட்டுச் செசரியாவில் ஒரிஜன் என்னும் பேரறிஞரிடம் பயின்று மறையைத் தழுவினார். 240ஆம் ஆண்டளவில் தம் சொந்த ஊருக்கே ஆயரானார். அவர் பொறுப்பேற்றபோது அந்நகரில் இருந்த கிறிஸ்தவர்கள் 17 பேர்தான் என்பது மரபு. 30 ஆண்டுகள் கழித்து மரணப் படுக்கையில் அவர், மறையை ஏற்காதவர் இன்னும் எத்தனை பேர் என விசாரித்தாராம். 17 பேர் என்று சொல்லப்பட்டது. தொடங்கியபோது எத்தனை விசுவாசிகள் இருந்தார்களோ அத்தனை பேரே இப்போது எஞ்சியிருக்கிறார்கள் என்று இறைவனுக்கு நன்றி கூறினார். தமக்கெனக் கல்லறை நிலம் எதுவும் விலைக்கு வாங்கக் கூடாதென்றும் சொல்லிவிட்டுக் கண்மூடினார்.

அவரைப் பற்றி அந்நாட்டு மக்கள் சொல்லிவந்தவை ஏராளம். அண்ணன் தம்பி இருவர் தந்தை விட்டுச்சென்ற ஏரி ஒன்று யாருக்கு என்று சண்டையிட்டு, ஆட்களைத் திரட்டிக்கொண்டு வெட்டுக்குத்துக்கே ஆயத்தமானார்கள். ஆயர் அந்த ஏரிக்கரையில் இரவெல்லாம் விழித்திருந்து செபித்தார். விடிந்து பார்த்தால் ஏரி வற்றிக் காய்ந்த நிலமாகக் கிடந்தது. சண்டைக்குக் காரணமே இல்லாமற் போயிற்று. மற்றொரு முறை, ஆற்று வெள்ளம் ஆண்டுதோறும் வயல்களை அழிக்கிறதென மக்கள் அழுதபோது, தம் கைக்கோலைக் கரையில் ஊன்றினார். அது துளிர்த்து மரமாகி வெள்ளத்துக்கு எல்லையாக நின்றது என்பார்கள். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் வரப்புக்கும் சண்டை போடும் ஊர்களுக்கு இக்கதைகள் இன்றும் பொருந்தும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவர் தம் மக்களுக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் ஒரு சிறிய விசுவாச மந்திரம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவரும் ஒரே கடவுள் என்பதைச் சுருக்கமாய் எடுத்துரைப்பது அது. ஆயர் பணியை ஏற்குமுன் அவர் கலங்கியிருந்த ஓரிரவில், தேவ அன்னை தோன்றி, உடன் வந்த புனித அருளப்பரைக் கொண்டு அதை அவருக்கு அருளச் செய்ததாக நிசா நகர் கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். நியோசெசரியா மக்கள் அந்த மந்திரத்தைக் கண்ணெனக் காத்தனர்.

270ஆம் ஆண்டளவில் அந்த ஆயர் காலமானார். அவருடைய போதனைகளைக் காதாரக் கேட்டவர்கள் அடுத்த தலைமுறைக்கு அவற்றை வாய்மொழியாகச் சொல்லி வந்தார்கள். அப்படிக் கேட்டு, ஒன்றும் சிந்தாமல் சிதறாமல் நெஞ்சில் பதித்துக்கொண்ட இளந்தலைமுறையில் ஒருவராக மக்ரினா வளர்ந்தார்.

வேதகலாபனை

மக்ரினா செல்வக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவரும் அவரைப் போலவே உறுதியான விசுவாசி. நிலபுலன்களும் பணியாட்களும் நிறைந்த வீடு. இப்படி ஒரு குறையுமின்றி வாழ்ந்த காலத்தில்தான் திருச்சபையின் மீது கொடிய புயல் வீசியது.

303ஆம் ஆண்டு, தியோக்கிளேசியன் பேரரசன் நிக்கோமேதியா நகரில் முதல் ஆணையைப் பிறப்பித்தான். ஆலயங்கள் இடிக்கப்பட வேண்டும், வேத நூல்கள் எரிக்கப்பட வேண்டும், மேல்நிலைக் கிறிஸ்தவர்கள் தங்கள் பதவியையும் உரிமையையும் இழக்க வேண்டும் என்பது அந்த ஆணை. அடுத்து வந்த ஆணைகளால் குருக்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 304இல், ஆண் பெண் எல்லாரும் பொய்த்தேவர்களுக்குப் பலியிட்டே தீரவேண்டும் என்ற ஆணையும் வந்தது. தியோக்கிளேசியன் பதவி விலகிய பின்பும் கலேரியுஸ், மாக்சிமின் என்னும் மன்னர்கள் கீழ்த்திசை நாடுகளில் வேதகலாபனையைத் தொடர்ந்தார்கள். போந்து நாட்டில் விசுவாசிகளின் நகக்கண்களில் கூரிய நாணல்களை ஏற்றியதையும், உருக்கிய ஈயத்தை உடலில் ஊற்றியதையும் அக்காலத் திருச்சபை வரலாற்று ஆசிரியர் எவுசேபியுஸ் எழுதி வைத்திருக்கிறார்.

மக்ரினாவும் அவர் கணவரும் என்ன செய்வது? ஒரு பிடி சாம்பிராணியை நெருப்பில் இட்டால் போதும். வீடும் நிலமும் மதிப்பும் அப்படியே இருக்கும். மனத்தில் கிறிஸ்துவை வைத்துக்கொண்டு கையால் மட்டும் பலியிட்டால் என்ன என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டவர்கள் அந்நாளில் இல்லாமல் இல்லை. இவர்களோ அதற்கு இணங்கவில்லை. சாட்டைக்கும் வாளுக்கும் வலியச் சென்று தலையை நீட்டவுமில்லை. ஓர் ஊரில் துன்புறுத்தினால் மறு ஊருக்கு ஓடிப்போகும்படி ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அவர்களுடைய ஆயர் கிரகோரியாரும் 250ஆம் ஆண்டு வேதகலாபனையின்போது தம் மக்களை மலைகளுக்கு அழைத்துச் சென்றுதான் காப்பாற்றினார். அதே வழியை இவர்களும் தேர்ந்துகொண்டார்கள். வீட்டை விட்டார்கள், உடைமையை விட்டார்கள், சில பணியாட்களோடு மலைக்காட்டுக்குள் புகுந்தார்கள். கிறிஸ்துவை அறிக்கையிட்ட குற்றத்துக்காக அவர்கள் சொத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டன.

ஏழாண்டு வனவாசம்

அந்தக் காட்டு வாழ்க்கை ஏழாண்டுகளும் அதற்குச் சற்று மேலும் நீடித்தது. பசிலியாரின் ஆருயிர் நண்பரான நசியான்சு நகர் கிரகோரியார், பசிலியாரின் நினைவாக ஆற்றிய பேருரையில் இதை விரிவாகக் கூறியுள்ளார். வேதசாட்சிகள் பலர் சிறிது நேர வேதனைக்குப் பின் முடிசூட்டப்பட்டார்கள். இவர்களோ நாள்தோறும், ஆண்டுதோறும் நீண்டதொரு வேதனையைச் சுமந்தார்கள் என்பது அவர் கருத்து.

நாம் சற்று எண்ணிப் பார்ப்போம். மென்மையாக வளர்க்கப்பட்டவர்கள், பரிமாற ஆளிருந்த வீட்டில் உண்டு பழகியவர்கள். அவர்கள் திறந்த வானத்தின் கீழ் பனியையும் மழையையும் வெயிலையும் தாங்க வேண்டும். உற்றார் உறவினர் முகம் காண வழியில்லை. தேவையானதை வாங்கச் சந்தை இல்லை. திருப்பலி காண ஆலயமில்லை. நாட்டில் இருந்த ஆலயங்களே இடிக்கப்பட்டுவிட்டன. வாசிக்க வேத நூல்களும் நெருப்புக்கு இரையாகிக்கொண்டிருந்தன. கிறிஸ்தவர்கள் கையில் எஞ்சியது ஒன்றே. அது நெஞ்சில் மனப்பாடமாய்ப் பதிந்திருந்த மறை. நூல்களை எரிக்க ஆணையிட்ட மன்னர்களால் மனப்பாடத்தை எரிக்க முடியவில்லை. நியோசெசரியாவின் ஆயர் சொல்லிச் சென்ற சொற்களை மக்ரினா அந்த ஏழாண்டுகளும் தம்மோடு சுமந்து நடந்தார்.

அக்காலத்தில் நடந்த ஓர் அற்புதத்தையும் நசியான்சு கிரகோரியார் குறிப்பிடுகிறார். நெடுங்காலம் எளிய உணவையே உண்டு வந்த அவர்களுக்கு ஒருநாள் நல்லுணவின் மேல் ஆசை எழுந்தது. பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்கள் இறைச்சி கேட்டு முறுமுறுத்ததுபோல் அவர்கள் முறுமுறுக்கவில்லை. அன்று மன்னாவையும் காடைகளையும் பொழிந்த கடவுளுக்குத் தங்கள் மீதும் இரங்க முடியும் என்று நம்பி வேண்டினார்கள். அப்போது கொழுத்த மான்கள் கூட்டமாக மலையிலிருந்து தாமாகவே இறங்கி வந்தனவாம். வலையுமில்லை, வேட்டை நாயுமில்லை, வில்லுமில்லை. அவர்கள் தேவைக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புதருக்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நன்றி கூறி உண்டார்கள். இறைவன் தந்ததை அளவோடு எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்ட அந்த மனம்தான் நமக்கு அற்புதத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

311இல் கலேரியுஸ் நோய்வாய்ப்பட்டுச் சாகுமுன் கிறிஸ்தவர்களுக்கு விடுதலை அளித்தான். மாக்சிமினோ மீண்டும் கொடுமையைத் தொடங்கினான். 313இல் அவன் போரில் தோற்று மடிந்த பிறகே அந்நாடுகளில் அமைதி பிறந்தது. காட்டுக்குள் போனவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். துன்பம் அத்தோடு முடிந்துவிடவுமில்லை. 320ஆம் ஆண்டளவில் லிசினியுஸ் மன்னனின் காலத்தில், பக்கத்து நகரான செபஸ்தேயில் 40 போர்வீரர்கள் உறைந்த நீரில் நிறுத்தப்பட்டு உயிர்விட்டதை நாம் அறிவோம். ஒரு முறை அல்ல, பல முறை மக்ரினா கிறிஸ்துவுக்காகப் போராடியவர் என்று அவர் பேரன் நிசா கிரகோரியார் எழுதியிருக்கிறார்.

இழந்த சொத்து என்னாயிற்று? பறிபோன குடும்பமாக இருந்தும், அந்நாட்டில் அவர்களைவிடச் செல்வர் இல்லை எனச் சொல்லும் அளவுக்குப் பின்னாளில் அவர்கள் உயர்ந்தார்கள். அச்செல்வம் பிள்ளைகளிடையே ஒன்பது பங்காகப் பிரிக்கப்பட்ட பின்பும், ஒவ்வொரு பங்கும் பெற்றோரின் முழுச் சொத்தைவிட மிகுதியாயிற்று என்று அதே பேரன் குறிப்பிடுகிறார்.

பெயர்த்தியும் பேரனும்

மக்ரினாவின் மகன் பெயர் பசிலியார். அவர் நியோசெசரியாவில் சொல்லாற்றல் கலையைக் கற்பிக்கும் புகழ்பெற்ற ஆசிரியரானார். எம்மேலியா என்னும் நற்குண நங்கையை மணந்தார். எம்மேலியா பெற்றோரை இழந்தவர். அவருடைய முன்னோர் ஒருவரும் மன்னனின் சினத்துக்கு இரையாகி உயிரையும் உடைமையையும் இழந்தவர். ஆக, தந்தை வழியிலும் தாய் வழியிலும் விசுவாசத்துக்கு விலை கொடுத்த குடும்பம் அது. அவ்விருவருக்கும் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குவதால்தான் நம் மொழியில் பெயரன் என்றும் பெயர்த்தி என்றும் சொல்கிறோம். அங்கும் அதே வழக்கம் இருந்தது. 327ஆம் ஆண்டளவில் பிறந்த தலைமகளுக்குப் பாட்டியின் பெயரே இடப்பட்டது. அவரே புனித இளைய மக்ரினா. பேறுகாலத்தில் தாய் கண்ட கனவில், குழந்தையைப் புனித தெக்கிலாளின் பெயரால் யாரோ அழைத்ததாகவும், அது வீட்டாருக்குள் மறைபெயராக இருந்ததாகவும் சொல்வார்கள். ஊரறிந்த பெயரோ பாட்டியின் பெயர்தான்.

330ஆம் ஆண்டளவில் பிறந்த மூத்த மகனுக்குத் தந்தையின் பெயர். திருச்சபை பெரிய பசிலியார் என்று போற்றும் மறைவல்லுநர் இவர். இவருடைய குழந்தைப் பருவம் பாட்டி மக்ரினாவின் பராமரிப்பில், நியோசெசரியாவை அடுத்த நாட்டுப்புறத்தில் கழிந்தது. தந்தை கல்லூரி ஆசிரியர் போன்றவர்; பேச்சுக்கலையிலும் இலக்கியத்திலும் மகனைத் தேர்ச்சி பெறச் செய்தார். ஆனால் கடவுள் யார் என்று கற்பித்தவர் பாட்டி. காட்டில் ஏழாண்டு சுமந்து காத்த அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேரனின் நெஞ்சில் விதைத்தார். நியோசெசரியாவின் பழைய ஆயர் கண்மூடி 60 ஆண்டுகளுக்கு மேலாகியும், அவர் போதனை அந்தச் சிறுவனுக்கு நேற்றுக் கேட்டதுபோல் கிடைத்தது.

340ஆம் ஆண்டளவில் மக்ரினா இறைவனடி சேர்ந்தார். அப்போது பசிலியாருக்கு ஏறக்குறைய பத்து வயதுதான். பேரன் ஆயரானதையோ, பெயர்த்தி கன்னியர் மடத்தை நிறுவியதையோ அவர் காணவில்லை. விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை.

பாட்டியைச் சாட்சிக்கு அழைத்த ஆயர்

பசிலியார் செசரியாவிலும் கொன்ஸ்தாந்திநோபிளிலும் ஆத்தென்ஸிலும் பயின்று பெரும் அறிஞரானார். படித்த செருக்கோடு வீடு திரும்பிய அவரைத் தடுத்து நிறுத்தி, உலகப் புகழின் வெறுமையை உணர்த்தியவர் அக்காள் இளைய மக்ரினா. பசிலியார் மனம் மாறித் துறவு பூண்டார். 370இல் கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் ஆயரானார்.

அக்காலத்தில் ஆட்சி செய்த வாலென்ஸ் மன்னன், இயேசு கிறிஸ்து மெய்யான கடவுள் அல்லர் என்று மறுத்த ஆரியப் பதிதத்தை ஆதரித்தவன். அவனுடைய அதிகாரி மொதெஸ்துஸ் பசிலியாரை அழைத்து மிரட்டினான். சொத்தைப் பறிப்பேன், நாடு கடத்துவேன், சித்திரவதை செய்வேன், கொல்வேன் என்று அச்சுறுத்தினான். கந்தையும் சில நூல்களும் தவிர எதுவும் இல்லாதவனிடம் எதைப் பறிக்க முடியும் என்றும், எங்கும் கடவுளின் நிலமே ஆகையால் நாடு கடத்தல் என்பதே தமக்கு இல்லை என்றும் பசிலியார் அஞ்சாமல் பதிலளித்தார். அதிகாரி திகைத்துப்போனான். இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என நாம் வியக்க வேண்டியதில்லை. சொத்தை இழந்தும் காட்டுக்குப் போயும் கிறிஸ்துவை விடாத பாட்டியின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சொத்துப் பறிமுதலும் நாடு கடத்தலும் புதிய செய்தியா என்ன?

பகைவனின் மிரட்டலைவிட வேதனையான சோதனை ஒன்று பிறகு வந்தது. 375ஆம் ஆண்டளவில், சொந்த ஊராகிய நியோசெசரியா மக்களே பசிலியாரின் விசுவாசத்தின் மீது ஐயம் கொண்டார்கள். அவர் புதுக்கொள்கைகளைப் புகுத்துகிறார் என்று அவதூறு பரவியது. ஊரார் அவரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். அப்போது பசிலியார் அவர்களுக்கு ஒரு மடல் வரைந்தார். ஆத்தென்ஸில் பெற்ற கல்வியை அவர் சான்றாகக் காட்டவில்லை. எழுதிக் குவித்த நூல்களையும் காட்டவில்லை. உங்கள் ஊரிலிருந்து வந்த பாட்டி மக்ரினாவே என்னை வளர்த்தார், பேறுபெற்ற கிரகோரியாரின் சொற்களை அவரிடமிருந்துதான் கற்றேன், இதைவிடத் தெளிவான சான்று என் விசுவாசத்துக்கு வேறென்ன வேண்டும் என்னும் பொருள்பட எழுதினார். 45 வயதான, நோயுற்ற, நாடறிந்த ஆயர், கண்மூடி முப்பது ஆண்டுகளுக்கு மேலான தம் பாட்டியைச் சாட்சிக்கு அழைத்தார்! அந்தப் பெயரைச் சொன்னால் ஊராருக்கு மறுப்பதற்கு இடமிராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டில் எழுதிய வேறொரு மடலிலும், கடவுளைப் பற்றிக் குழந்தைப் பருவத்தில் தாயிடமும் பாட்டியிடமும் பெற்ற கருத்தைத் தாம் ஒருபோதும் மாற்றிக்கொள்ளவில்லை என்று பசிலியார் உறுதி கூறினார். சிறு விதை வளர்ந்து பெரிதாகிறது. ஆயினும் இனம் மாறுவதில்லை. தம்முள் அந்த விசுவாசமும் அப்படியே வளர்ந்ததென அவர் விளக்கினார்.

ஒரே வீட்டில் எத்தனை புனிதர்கள்!

மூத்த மக்ரினாவின் வீட்டைத் திருச்சபை வரலாற்றில் தனிச்சிறப்புடன் குறிப்பிடுவார்கள். மகன் பசிலியாரும் மருமகள் எம்மேலியாவும் புனிதர்கள். பேரப்பிள்ளைகளுள் இளைய மக்ரினா, பெரிய பசிலியார், நிசா நகர் ஆயர் கிரகோரியார், செபஸ்தே நகர் ஆயர் இராயப்பர் ஆகிய நால்வரும் புனிதர்களாக வணங்கப்படுகிறார்கள். நவுக்கிராசியார் என்னும் மற்றொரு பேரன் 22 வயதில் உலகைத் துறந்து, அதே போந்து நாட்டுக் காட்டில் வாழ்ந்து, வேட்டையாடியும் மீன் பிடித்தும் ஆதரவற்ற முதியவர்களுக்கு உணவளித்து, ஐந்தாண்டுகளில் அப்பணியிலேயே உயிர்நீத்தார்.

இளைய மக்ரினா தம் தாயையும் இணங்கச் செய்து, வீட்டு அடிமைகளையும் பணிப்பெண்களையும் தமக்குச் சமமான சகோதரிகளாக ஏற்று, ஒரே பந்தியில் உண்டு, ஒரே விதமாய் உழைத்து, ஒரே செபம் செய்து வாழும் மடத்தை ஐரிஸ் ஆற்றங்கரையில் அமைத்தார். 369ஆம் ஆண்டளவில் கப்பதோக்கியா நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது பசிலியார் செல்வர்களின் களஞ்சியங்களைத் திறக்கச் செய்து, பயறு வேகவைத்த கூழை ஏழைகளுக்குத் தம் கையாலேயே வழங்கினார். செசரியா நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் வழிப்போக்கர்க்கும் அவர் கட்டிய பெரிய இல்லம் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

379இல் இளைய மக்ரினா மரணப் படுக்கையில் இருந்தபோது உடனிருந்த தம்பி நிசா கிரகோரியார் அந்தக் கடைசி மாலையை வருணித்திருக்கிறார். இருட்டியதும் விளக்கு கொண்டுவரப்பட்டது. அதைக் கண்ட மக்ரினா, விளக்கேற்றும் நேரத்துச் செபத்தைச் சொல்ல விரும்பினார். குரல் எழவில்லை. உள்ளத்தாலும் கை அசைவாலும் செபித்து முடித்து, சிலுவை அடையாளம் வரைந்து, பெருமூச்சு ஒன்றுடன் உயிர்விட்டார். அந்திவிளக்கின் முன் செபிக்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் எவ்வளவு ஆழமாய் வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் பொதுச்சங்கம் கூடியது. பசிலியார் அப்போது உயிரோடு இல்லை. ஆயினும் பரிசுத்த ஆவியானவரின் இறைத்தன்மையைப் பற்றி அவர் எழுதியிருந்தவை அங்குக் கூடிய தந்தையர்களுக்கு வழிகாட்டின. அவருடைய தம்பி நிசா கிரகோரியாரும், நண்பர் நசியான்சு கிரகோரியாரும் அச்சங்கத்தில் முன்னணியில் நின்றார்கள். ஞாயிறு திருப்பலியில் நாம் சொல்லும் நீண்ட விசுவாச அறிக்கையில், பிதாவோடும் சுதனோடும் ஒன்றாக ஆராதிக்கப்படுபவராகப் பரிசுத்த ஆவியை அறிக்கையிடும் பகுதி அச்சங்கத்தோடு இணைந்ததே. பழைய ஆயரிடமிருந்து அவர் மக்களுக்கு, அம்மக்களிடமிருந்து மக்ரினாவுக்கு, மக்ரினாவிடமிருந்து பேரனுக்கு என அந்த விசுவாசம் கைமாறி வந்த வழியை நாம் பார்த்தோம். அந்தச் சங்கிலியில் நடுக்கண்ணி ஒரு பாட்டி.

நமக்கு அவர் விட்டுச்செல்லும் பாடம்

மூத்த மக்ரினா நூல் எதுவும் எழுதவில்லை. ஆலயம் கட்டவில்லை. அவர் செய்தவை இரண்டே. துன்ப காலத்தில் விசுவாசத்தைக் கைவிடாமல் காத்தார். அமைதிக் காலத்தில் அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். முதலாவதைச் செய்தவர்கள் பலர் உண்டு. இரண்டாவதைச் செய்யாமல் விட்டிருந்தால், காட்டில் பட்ட பாடெல்லாம் அவரோடு கல்லறைக்குப் போயிருக்கும்.

இன்று நம் வீடுகளில் வேத நூலை எரிப்பார் யாருமில்லை. அலமாரியில் அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் பாட்டி ஓர் அறையில் தனியே செபமாலை உருட்ட, பிள்ளைகள் மற்றோர் அறையில் தொலைக்காட்சிக்கோ கைபேசிக்கோ முன் அமர்ந்திருப்பது பல வீடுகளில் வழக்கமாகி வருகிறது. வேலைக்காகப் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு மட்டும் வந்து போகும் வீடுகளும் உண்டு. மன்னனின் ஆணையால் அறுபடாத சங்கிலி, நம் கவனக்குறைவால் அறுந்துவிடக் கூடாது.

ஆகையால் பங்கிலுள்ள பாட்டிமார்களையும் தாத்தாமார்களையும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்குப் படிப்பில்லை, பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள், நாங்கள் என்ன சொல்லிக் கொடுப்பது என்று பின்வாங்க வேண்டாம். ஆத்தென்ஸில் படித்தவருக்கும் பாட்டி சொன்னதே கடைசிவரை துணைநின்றது. ஒரு மந்திரம், ஒரு புனிதரின் கதை, நம் குடும்பம் பட்ட துன்பமும் அதில் ஆண்டவர் கைகொடுத்த விதமும் என ஏதேனும் ஒன்றை ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள். பெற்றோர்களே, அந்த நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். பிள்ளைகளே, பாட்டி சொல்வதைக் கேட்டு வையுங்கள். ஒருநாள் ஊரே உங்களைச் சந்தேகிக்கும்போது சொல்லிக்கொள்ள அந்தப் பெயர் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

புனித மூத்த மக்ரினாவின் திருநாள் சனவரி 14. நம் தமிழர் திருநாளாம் பொங்கலையொட்டியே அது வருகிறது. புத்தரிசி உலையில் ஏறும் அந்நாட்களில், பெரியவர்கள் கையால் ஆசி பெறும்போது, விதை ஒன்றை நெஞ்சில் விதைத்துச் சென்ற இந்தப் பாட்டியையும் நினைப்போம். நம் பங்கில் வாழ்ந்து மறைந்த பாட்டிமார்கள் அனைவருக்கும் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்படி ஆண்டவரை மன்றாடுவோம். அவர்கள் நமக்குத் தந்த விசுவாசம் நம்மோடு நின்றுவிடாமல், அடுத்த விழாவைக் கொண்டாடப்போகும் தலைமுறைக்கும் சேர, புனித மக்ரினா நமக்காக வேண்டிக்கொள்வாராக!